நாட்டிங்ஹாம் ஷெரிப்: கதையும் உண்மையும்

ராபின் ஹூட் கதையைப் படித்திருப்பீர்கள், திரையிலும் பார்த்திருப்பீர்கள். ஏழைகளை வதைக்கும் அந்த நாட்டிங்ஹாம் ஷெரிப்பை மறக்க முடியுமா? ராபின் ஹூட் உண்மையில் வாழ்ந்தானா என்பது வேறு விஷயம். ஷெரிப் பதவி மட்டும் கற்பனையன்று. இங்கிலாந்தில் அது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானது.

அந்நாட்டில் மாவட்டத்தை ‘ஷயர்’ என்பார்கள். அங்கே அரசரின் காரியங்களைக் கவனித்தவர் ‘ரீவ்’. ‘ஷயர் ரீவ்’ என்பதே நாளடைவில் ஷெரிப் ஆயிற்று. வரி தண்டுவது, குற்றவாளியைப் பிடிப்பது, வழக்கு மன்றம் கூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

வினை எங்கே வந்தது தெரியுமா? குத்தகையில்தான்! மாவட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிய தொகையை அரசருக்குக் கட்டிவிட்டால், மேலே கிடைப்பது ஷெரிப்பின் மடிக்கு. மக்களைக் கசக்கிப் பிழியக் கேட்கவேண்டுமா? ஆண்டுக்கு இருமுறை அவர் அரசாங்கத்தில் கணக்குக் காட்டவேண்டும். கட்டம் போட்ட துணி விரித்த மேசைமீது காய்களை நகர்த்திக் கூட்டிப் பார்ப்பார்கள். கட்டிய பணத்துக்கு ரசீது, குறி வெட்டி இரண்டாகப் பிளந்த மரக்குச்சி, ஆளுக்கொரு பாதி. அரசர் பணத்துக்கு இத்தனை காவல். குடியானவனிடம் பிடுங்கியதற்கு?

முறையீடுகள் பெருகவே, 1170-இல் இரண்டாம் ஹென்றி மன்னர் விசாரணை வைத்துப் பெரும்பாலான ஷெரிப்புகளை நீக்கினார். 1215-இல் ஜான் மன்னரைப் பணியவைத்துப் பிரபுக்கள் பெற்ற ‘மாக்னா கார்ட்டா’ சாசனம், சுதந்திர மனிதனின் குதிரையையும் வண்டியையும் அவன் சம்மதமின்றி ஷெரிப் எடுக்கக்கூடாது என்றது. நிலத்தோடு கட்டுண்டு கிடந்த பண்ணையாட்களைப் பற்றி அந்த விதியில் பேச்சில்லை. சாசனம் எழுதியவர்கள் பிரபுக்கள் அல்லவா!

அதே சாசனம் பிலிப் மார்க் என்பவரைப் பெயர் சொல்லியே பதவியிலிருந்து நீக்கச் சொன்னது. யார் அவர்? நாட்டிங்ஹாம்ஷயர், டெர்பிஷயர் இரண்டுக்கும் ஷெரிப்! ஆனால் மனிதர் அசையவில்லை. 1224 வரை அதே நாற்காலியில் இருந்தார்.

பிற்காலத்தில் அதிகாரங்கள் ஒவ்வொன்றாகப் போலீசுக்கும் நீதிபதிகளுக்கும் வேறு அதிகாரிகளுக்கும் போய்விட்டன. 1974 முதல் மாவட்ட ஷெரிப்புக்கு ‘ஹை ஷெரிப்’ என்று பெயர். ஓராண்டுப் பதவி, சம்பளம் கிடையாது. விருந்துக்கும் விழாவுக்கும் பெரும்பாலும் கைக்காசைத்தான் செலவிட வேண்டும். நியமிக்கும் முறையோ இன்றும் பழையதுதான். தோல் சுருளில் எழுதிய பெயருக்கு நேரே, மன்னர் வெள்ளி ஊசியால் ஒரு துளை குத்துகிறார்.