சவுக்கடிக்கும் ஒரு கணக்கு

குதிரைப் பந்தயம் என்றதும் நம் வீட்டுப் பெண்களுக்குச் சூதாட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும். அது நமக்கு விலக்கப்பட்டது என்பதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் பணம் கட்டுகிறவனையும் குதிரை ஓட்டுகிறவனையும் தவிர, அந்த மைதானத்தில் இன்னோர் உயிரும் இருக்கின்றது. யாரோ வெல்வதற்காக அடிபடும் அந்த வாயில்லாச் சீவனைப் பற்றியதே இக்கட்டுரை.

2011 ஏப்ரலில் இங்கிலாந்தின் லிவர்பூலுக்கு அருகே, எய்ன்ட்ரீ மைதானத்தில் 'கிராண்ட் நஷனல்' பந்தயம் நடந்தது. சுமார் 7 கிலோமீற்றர் தூரம், வழி நெடுகத் தடைகள். அன்று 2 குதிரைகள் இறந்தன. வென்ற பாலாபிரிக்ஸ் களைத்துத் தள்ளாடியது. ஓட்டிய ஜொக்கி சட்டென்று இறங்கிக்கொள்ள, அதன் மேல் தண்ணீரை ஊற்றினார்கள். கடைசி ஓட்டத்தில் சவுக்கை அளவுக்கு மீறிப் பாவித்ததாகக் கூறி அந்த ஜொக்கிக்கு 5 நாள் தடை விதிக்கப்பட்டது. வெற்றி மட்டும் அப்படியே நின்றது.

தொலைக்காட்சியில் இதைக் கண்ட மக்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானியக் குதிரைப் பந்தய அதிகார சபை புதிய சட்டம் கொண்டுவந்தது. சமதரைப் பந்தயத்தில் 7 அடி, தடை தாண்டும் பந்தயத்தில் 8 அடி, அதற்கு மேல் கூடாது. கடைசிக் கட்டத்தில் 5 அடி மட்டுமே. சில நாட்களுக்குள் அஸ்கொட் மைதானத்தில் சம்பியன் ஸ்டேக்ஸ் பந்தயத்தை வென்ற கிறிஸ்டோப் சுமியோன் கடைசிக் கட்டத்தில் ஓர் அடி கூடுதலாக அடித்துவிட்டார். அவருக்கு 5 நாள் தடையோடு, 50,000 பவுணுக்கு மேற்பட்ட பரிசுப் பங்கை இழக்கும் தண்டனையும் விதிக்கப்பட்டது. ஜொக்கிகள் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டவே, கடைசிக் கட்டக் கணக்கைச் சபை உடனே கைவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்டனை ஜொக்கிக்கு, வெற்றியோ உரிமையாளருக்கு. ஒரு பெரிய கிண்ணம் கையில் வருமென்றால் நாலு நாள் வீட்டில் இருப்பது ஒரு நட்டமா? 2025 மே மாதம் அமெரிக்காவின் கென்டக்கி டேர்பியில் சொவரின்ட்டி என்ற குதிரை வென்றது. அங்கே எல்லை 6 அடி. ஜொக்கி 8 அடி அடித்தார். 62,000 டொலர் தண்டமும் 2 நாள் தடையும் விதித்தார்கள். குதிரைக்குக் கிடைத்த பரிசோ 31 இலட்சம் டொலர். வெற்றி மாறவில்லை.

இந்த ஓட்டையை அடைக்கும் முயற்சி பிரித்தானியாவில் 2023இல் நடந்தது. எல்லை சமதரையில் 6, தடைப் பந்தயத்தில் 7 எனக் குறைந்தது. எல்லைக்கு மேல் 4 அடியோ அதற்கும் கூடவோ அடித்தால் குதிரையே தகுதி இழக்கும், பரிசும் போய்விடும். அந்தப் பெப்ரவரியிலேயே எயார் மைதானத்தில் வென்ற லூனர் டிஸ்கவரி, 11 அடி வாங்கிய காரணத்தால் வெற்றியை இழந்தது. உரிமையாளரின் பையில் கை வைத்த பிறகு, "அடித்தாவது ஜெயித்து வா" என்று ஜொக்கியிடம் சொல்ல யாரும் யோசிப்பார்கள் அல்லவா?

சவுக்கு இல்லாமல் குதிரையைக் கட்டுப்படுத்த முடியாது, பஞ்சு வைத்த சவுக்கு நோகாது என்று பந்தயக்காரர்கள் வாதிடுவார்கள். 2020இல் வெளியான இரண்டு அவுஸ்திரேலிய ஆய்வுகள் இதற்குப் பதில் சொல்கின்றன. ஒன்றில் குதிரையின் தோலையும் மனிதத் தோலையும் ஒப்பிட்டார்கள். மேற்தோலின் தடிப்பிலும் அங்குள்ள நரம்பு முனைகளின் அளவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மற்றதில் பிரித்தானியாவின் 126 பந்தயங்களைப் பார்த்தார்கள். சவுக்கால் விரட்டக் கூடாதென்ற பந்தயங்களிலும் குதிரைகள் அதே வேகத்தில், அதே ஒழுங்கில், விபத்துக் கூடாமல் ஓடின. குதிரையை விரட்டச் சவுக்கைப் பாவிப்பதை நோர்வே 1982இலேயே தடை செய்துவிட்டது. அங்கே பந்தயம் நின்றுபோகவில்லை.

அப்படியானால் 6 அடி எதற்கு? ஏழாவது அடி கொடுமையென்றால் ஆறாவது அடி என்ன தடவலா? எண்ணிக்கையைக் குறைத்தது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடிக்கு அளவு வகுப்பவர்கள், அந்த அளவுக்குள் அடிப்பதை நியாயமாக்கியும் விடுகிறார்கள்.

சகோதரிகளே, தொலைக்காட்சியில் குதிரை பாயும்போது பிள்ளைகள் கை தட்டுவார்கள். எது முதலில் வந்தது என்று கேட்பார்கள். எத்தனை அடி வாங்கி வந்தது என்பதையும் கூடவே சொல்லிக் கொடுங்கள்.