ஒரு பெட்டி, இரு தொலைக்காட்சிகள்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. பாலாற்றங்கரையில் வாழும் பள்ளிகொண்டா வட்டாரத்து அங்கத்தினர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. நூலை முழம் போட்டும், கிணற்று நீரைப் பாத்தி பாத்தியாகவும் கணக்கிடுகிறவர்கள் நாம். எனினும், மாதந்தோறும் சிறுகச் சிறுக வீட்டை விட்டு வெளியேறும் தொகைகளை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அத்தகைய செலவுகளில் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை.

அண்மையில் ஒரு மாலை, சங்கக் கணக்குகளைப் பார்வையிட்டு முடித்தபின், நெசவாள அங்கத்தினர் ஒருவர் என்னைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்றார். முன்கூடத்தில் புதிய தட்டைத் தொலைக்காட்சி இருந்தது. பின்கட்டில் தறி, அதன் அருகே, 2006ஆம் ஆண்டில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் விலையின்றிக் கிடைத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அவருடைய தாயார் எழுபதைக் கடந்தவர். மூட்டு வலியால் முன்கூடத்துக்கு வந்து அமர இயலாதவர். பகலெல்லாம் தறியறையிலேயே தார் சுற்றிக்கொண்டிருப்பவர்.

“ஐயா, அம்மாவுக்கு இதில் படம் வரவேண்டும். இன்னொரு செட்டாப் பாக்ஸ் வாங்கினால் மாதா மாதம் பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். ஒரே பாக்ஸிலிருந்து இரண்டுக்கும் எடுக்க முடியுமா? எடுத்தால் அது திருட்டாகுமா?” என்று அவர் வினவினார்.

கேள்வி நேர்மையானது, ஆகவே விடையும் தெளிவாக இருத்தல் வேண்டும்.

வெட்டக் கூடாத இடம்

அவர் முன்னமே ஒரு முயற்சி செய்திருந்தார். தெருவிலிருந்து வரும் கேபிளை, பாக்ஸுக்குள் நுழையுமுன் வெட்டி, ‘ஸ்ப்ளிட்டர்’ ஒன்றைப் பொருத்திப் பழைய தொலைக்காட்சிக்கு ஒரு கிளை கொடுத்திருந்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. முன்கூடத்துப் படமும் கட்டம் கட்டமாகச் சிதைந்தது.

காரணம் யாதெனில், முற்காலக் கேபிளில் எல்லா நிகழ்ச்சிகளும் திறந்த நிலையில் வந்தன. கிளை பிரித்தால் ஒவ்வொரு தொலைக்காட்சியும் தான் வேண்டியதைத் தேர்ந்துகொண்டது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017இல் டிஜிட்டல் முறைக்கான உரிமம் பெற்றுப் பாக்ஸ்களை வழங்கியபின் நிலை மாறிற்று. இன்று கேபிளில் வருவது பூட்டிய பெட்டகம். அதன் திறவுகோல் செட்டாப் பாக்ஸில் மட்டுமே உள்ளது. மேலும், இருவழி ஸ்ப்ளிட்டர் அலையின் வலிமையை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். ஆதலால் பழைய தொலைக்காட்சிக்குப் பயன் கிட்டாததுடன், புதியதற்கும் கேடு விளைந்தது.

பிரிக்க வேண்டிய இடம்

பிரிப்பது பாக்ஸைக் கடந்த பின்னரே. பாக்ஸின் பின்புறத்தில் பொதுவாக இருவகை வெளியீடுகள் உண்டு. ஒன்று எச்.டி.எம்.ஐ. எனும் தட்டையான துளை. மற்றொன்று ஏ.வி. எனும் வெளியீடு: மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. பெரும்பாலான பாக்ஸ்களில் இவ்விரண்டும் ஒரே வேளையில் இயங்கும். ஆகவே, புதிய தொலைக்காட்சியை எச்.டி.எம்.ஐ. வழியாகவும், பழையதை ஏ.வி. வழியாகவும் இணைத்தால், வேறு கருவி ஏதும் தேவைப்படாது. கம்பி வாங்குமுன், பழைய தொலைக்காட்சியைப் பாக்ஸின் அருகே கொணர்ந்து, குறுங்கம்பியால் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுக.

தறியறை தொலைவில் இருப்பின், கடையில் கிடைக்கும் மெல்லிய ஏ.வி. கம்பி போதாது, படம் மங்கும். கேபிள்காரர் தெருவில் இழுக்கும் ஆர்.ஜி. 6 வகைக் கேபிளின் இரு முனைகளிலும் ஏ.வி. செருகியைப் பொருத்திப் படத்துக்குப் பயன்படுத்தலாம். 15, 20 மீட்டர் தூரத்துக்கு அது நன்கு உழைக்கும். ஒலிக்குத் தனிக் கம்பி வேண்டும். பழைய தொலைக்காட்சியில் ஒலிக்கு ஒரே துளைதான் உண்டெனில் வெள்ளையை மட்டும் செருகினால் போதும்.

இரண்டும் புதிய தொலைக்காட்சிகளாயின், மின்சாரத்தில் இயங்கும் எச்.டி.எம்.ஐ. ஸ்ப்ளிட்டர் வேண்டும், 10 மீட்டரைத் தாண்டினால் சாதாரண எச்.டி.எம்.ஐ. கம்பியில் படம் அறுபடக்கூடும். கம்பியின்றி அனுப்பும் கருவிகளும் உள்ளன. தடித்த சுவர்கள் அவற்றின் அலையைத் தளர்த்திவிடும்.

ரிமோட்டின் கதிர் சுவரை ஊடுருவாது. பின்கட்டிலிருந்தே சேனலை மாற்ற விரும்புவோர் அதற்கென விற்கும் நீட்டிப்புக் கம்பியை வாங்கலாம்.

உயிருக்கு ஊறு வேண்டா

இங்கே ஓர் எச்சரிக்கை. மேற்படி அங்கத்தினர் தம் கேபிளைத் தகரக் கூரையின் ஓரமாக, வீட்டுக்கு வரும் மின்கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார். மின்கம்பியின் உறை தேய்ந்து, 230 வோல்ட் மின்சாரம் கேபிளிலோ கூரையிலோ பாய்ந்தால், தொலைக்காட்சியைத் தொடுபவரின் கதி என்னாகும்? அன்று மாலையே மின்பணியாளர் ஒருவரை வரவழைத்து, மின்னோட்டத்தை நிறுத்தி, அக்கட்டை அவிழ்க்கச் செய்தோம். மின்கம்பிக்கும் இதற்கும் குறைந்தது ஓரடி இடைவெளி இருக்கட்டும். இடி மின்னல் வேளையில் கேபிளையும் மின்செருகியையும் கழற்றிவிடுக.

எல்லை எது?

இனி, திருட்டா என்ற கேள்வி. ஒரே குடும்பத்தார், ஒரே வீட்டுக்குள், ஒரே நிகழ்ச்சியை இரு திரைகளில் காண்பதில் பூட்டை உடைத்தல் இல்லை. பாக்ஸைத் திறத்தல் கூடாது. அது நிறுவனத்தின் உடைமை. கேபிள்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நன்று.

ஆனால், அதே கம்பியைச் சுவர் தாண்டி அடுத்த வீட்டுக்கு இழுத்தல் தகாது. பகிர்ந்துண்டு வாழ்வதே கூட்டுறவாயிற்றே எனச் சிலர் கேட்கலாம். அன்று ஊராட்சி வானொலியை ஊரே கூடிக் கேட்டது உண்மை. அது ஊருக்கென்றே வைக்கப்பட்டது. இதுவோ ஒரு குடும்பத்தின் பெயரால் வழங்கப்பட்டது. நமக்கு உரியதைப் பகிர்தலே கூட்டுறவு. பிறர் உரிமையைப் பகிர்ந்தளிக்க நமக்கு அதிகாரம் இல்லை. பதிவு பெறாமல் கேபிள் இணைப்பு வழங்குவதை 1995ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது.

நிற்க. இம்முறையில் ஒரு குறையும் உண்டு. ஒரு பாக்ஸ் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் தரும். பாட்டி தொடர் பார்க்கும் வேளையில் பேரன் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் காண வேண்டுமெனில், ஒன்று போதாது. அப்போது இரண்டாம் இணைப்பே தக்கது. 2020இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் இரண்டாம் தொலைக்காட்சிக்கான இணைப்புக் கட்டணம் முதலாவதில் 40 விழுக்காட்டைத் தாண்டலாகாது என வரம்பிட்டது. 2024இல் இணைப்புக் கட்டணத்தின் உச்சவரம்பையே நீக்கிவிட்டது. ஆகவே கட்டணத்தைக் கேட்டறிந்து, இரசீது பெற்றுக்கொள்க. பிரசார் பாரதியின் டிடி இலவச டிஷ்ஷையும் கருதலாம். அதற்கு மாதக் கட்டணம் இல்லை. டிடி தமிழ் முதலியன அதில் வரும்.

கணக்கைப் பார்ப்போம். இரண்டாம் இணைப்பு மாதம் 100 ரூபாய் என்று கொண்டாலும் ஆண்டுக்கு 1,200 ரூபாய் ஆகிறது. கம்பிச் செலவோ ஒருமுறைதான்.

மறுமுறை நான் சென்றபோது, பழைய தொலைக்காட்சியின் மேல் துணி இல்லை. அம்மையார் செய்தி கேட்டவாறே தார் சுற்றிக்கொண்டிருந்தார். மாலை 7 மணி வரை அவர் விருப்பம், அதன்பின் பிள்ளைகள் விருப்பம் என்று வீட்டார் பேசி முடிவு செய்திருந்தனர். மிஞ்சிய தொகை மாதந்தோறும் சங்கத்தில் அவர் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கில் சேர்கிறது. மற்ற அங்கத்தினர்களும் தத்தம் வீட்டுத் தேவையை ஆராய்ந்து, ஏற்றதைச் செய்வார்களாக.