ஃப்ளைட் லேட்டானா நஷ்ட ஈடு கிடைக்குமா? எவ்வளவு, எப்படி வாங்குறது?



ஏர்போர்ட்ல விமானம் தாமதம்னு அறிவிச்ச அடுத்த நிமிஷமே ரெண்டு விதமான அட்வைஸ் வரும். ஒண்ணு வாட்ஸ்ஆப் ஃபார்வர்டு: "6 மணி நேரம் லேட்டானா ஏர்லைன்ஸ் 10,000 ரூபாய் கொடுத்தே ஆகணும்." இன்னொண்ணு பக்கத்து சீட்டுக்காரர் சொல்றது: "ஒண்ணும் வராது சார், ஒரு சாண்ட்விச் கொடுப்பாங்க, சாப்பிட்டுட்டு உட்காருங்க."

ரெண்டுமே பாதி உண்மைதான். எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க என்பதை விட, உங்க பயணம் எந்தச் சட்டத்துக்குள்ள வருது என்பதுதான் பணத்தைத் தீர்மானிக்குது. அது தெரியாததால ஒரு பக்கம் கிடைக்காத பணத்துக்காக மாசக்கணக்கா மெயில் அனுப்பிட்டு இருக்கோம். இன்னொரு பக்கம், உரிமையா வர வேண்டிய 50,000, 60,000 ரூபாயைக் கேட்காமலே விட்டுடறோம்.

அதனால க்ளெய்ம் பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்விக்குப் பதில் எழுதி வெச்சுக்கோங்க:

1. விமானம் எந்த நாட்டிலிருந்து கிளம்புச்சு?
2. ஏர்லைன்ஸ் எந்த நாட்டு நிறுவனம்?
3. கடைசியா போய்ச் சேர வேண்டிய ஊருக்கு எத்தனை மணி நேரம் லேட்டா சேர்ந்தீங்க?

உள்நாட்டு விமானம்: தாமதத்துக்கு நிர்ணயிச்ச பணம் கிடையாது

இந்தியாவுல இதுக்கான விதிகளைப் போடுறது டிஜிசிஏ, அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். தாமதத்துக்கு "இத்தனை மணி நேரத்துக்கு இத்தனை ரூபாய்"னு அந்த விதிகள்ல எதுவும் இல்லை. ஆனா மூணு வசதி இருக்கு.

சாப்பாடு: இரண்டரை மணி நேரம் வரைக்கும் பறக்கிற விமானம் 2 மணி நேரம் லேட்டானா, நேரத்துக்குச் செக்-இன் பண்ணின பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் இலவசமா கொடுக்கணும். இரண்டரையிலிருந்து 5 மணி நேரப் பயணத்துக்கு 3 மணி நேரத் தாமதம், அதுக்கும் மேல 4 மணி நேரத் தாமதம்னு கணக்கு.

மாற்று விமானம் அல்லது ரீஃபண்ட்: 6 மணி நேரத்துக்கு மேல தாமதம் ஆகும்னா, 6 மணி நேரத்துக்குள்ள கிளம்புற வேற விமானம் அல்லது முழுப் பணம், ரெண்டுல ஒண்ணு.

ஹோட்டல்: தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினா, அல்லது இரவு 8 மணியிலிருந்து அதிகாலை 3 மணிக்குள்ள கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல லேட்டானா, ஹோட்டல் செலவு ஏர்லைன்ஸோடது.

கவுன்ட்டர்ல எடுக்கிற அந்த ஒரு முடிவு

இங்கதான் நிறைய பேர் பணத்தை விடுறாங்க. கோபத்துல "எனக்கு ரீஃபண்ட் கொடுங்க"ன்னு கேட்டுடுவாங்க. ஒரு கணக்குப் பார்ப்போம்.

சென்னையிலிருந்து டெல்லிக்கு நீங்க வாங்கின டிக்கெட் 6,200 ரூபாய். அதே நாள்ல வேற ஏர்லைன்ஸ்ல கடைசி நேர விலை 14,000. ரீஃபண்ட் எடுத்தா 6,200 திரும்ப வரும், மீதி 7,800 உங்க கையிலிருந்து போகும். மாற்று விமானம் கேட்டா கூடுதல் செலவு பூஜ்யம். ரீஃபண்டை வாங்கிட்டா உங்களைக் கொண்டு போய்ச் சேர்க்கிற பொறுப்பு ஏர்லைன்ஸுக்கு முடிஞ்சது. அதனால போகத்தான் வேணும்னா முதல்ல கேட்க வேண்டியது மாற்று விமானம். பயணமே தேவையில்லைன்னு ஆகிட்டா மட்டும் ரீஃபண்ட்.

"லேட்" வேற, "கேன்சல்" வேற

அந்த ஃபார்வர்டுல வர்ற 10,000 ரூபாய் கதை ரத்து பத்தின விதியிலிருந்து வந்தது. புறப்படுறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி கூடச் சொல்லாம விமானத்தை ரத்து பண்ணினா, நீங்க ஏத்துக்கிற மாற்று விமானம் கொடுக்கணும். இல்லைன்னா முழு ரீஃபண்டோட சேர்த்து நஷ்ட ஈடும் கொடுக்கணும். 1 மணி நேரம் வரையான பயணத்துக்கு 5,000, 1 முதல் 2 மணி நேரத்துக்கு 7,500, அதுக்கு மேல 10,000 ரூபாய். ஆனா இது உச்சவரம்பு. உங்க ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து 4,800 தான்னா, உங்களுக்கு வர்றது 4,800 மட்டுமே.

அதனால போர்டுல "டிலேய்டு"ன்னு இருக்கா, "கேன்சல்டு"ன்னு இருக்கான்னு பார்த்து ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. பணம் அந்த ஒரு வார்த்தையில இருக்கு.

புக்கிங்ல உங்க சரியான மொபைல் நம்பர் இல்லைன்னா இந்த நஷ்ட ஈட்டை மறுக்கலாம். ஏஜென்ட் மூலமா புக் பண்றவங்க இதைக் கவனிங்க. பல நேரம் அதுல ஏஜென்டோட நம்பர்தான் இருக்கும்.

பனிமூட்டம்னா?

வானிலை, பாதுகாப்புப் பிரச்சினை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு மாதிரி ஏர்லைன்ஸ் கையில இல்லாத காரணம்னா நஷ்ட ஈடு கிடையாது. 2011-ல உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு நல்ல உதாரணம். 2007 டிசம்பர்ல டெல்லி–ஹைதராபாத் விமானம் பனிமூட்டத்தால பல மணி நேரம் தாமதம். தாமதத்துக்கு ஏர்லைன்ஸ் பொறுப்பில்லைன்னு சொல்லி, பயணிக்குக் கீழே கிடைச்ச நஷ்ட ஈட்டை நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. ஆனா காரணம் எதுவா இருந்தாலும், மலிவு விலை ஏர்லைன்ஸா இருந்தாலும், காத்திருக்கிற பயணியைக் கவனிக்கிற கடமை உண்டுன்னும் தெளிவா சொன்னது.

அதாவது பனியால லேட்டானா பணம் வராது, ஆனா சாப்பாடு வரணும். அது வரலைன்னா, அதுவே தனியா ஒரு சேவைக் குறைபாடு.

உண்மையான இழப்பு இருந்தா: நுகர்வோர் ஆணையம்

தொழில்நுட்பக் கோளாறு, பணியாளர் பற்றாக்குறை மாதிரி ஏர்லைன்ஸ் பக்கத்துக் காரணத்தால தாமதமாகி, நீங்க ஒரு இன்டர்வியூவையோ, வேற டிக்கெட்டையோ, முன்பணம் கட்டின ஹோட்டலையோ இழந்திருந்தா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஏர்லைன்ஸ் தலைமையகம் எங்க இருந்தாலும் பரவாயில்லை. நீங்க செலுத்தின தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்துல ஆன்லைனிலேயே தாக்கல் பண்ணலாம். கால வரம்பு 2 வருஷம்.

ஆனா "மன உளைச்சல், 5 லட்சம் வேணும்"னு மட்டும் எழுதாதீங்க. ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் இருக்கணும். ஆடிட் மாதிரிதான், ரசீது இல்லாத செலவு நடக்காத செலவு.

ஐரோப்பா, பிரிட்டன்: இங்கதான் பெரிய பணம்

பாரிஸ்லயோ, ஜெர்மனியிலயோ, லண்டன்லயோ சொந்தக்காரங்க இருக்கிறவங்க இந்தப் பகுதியைக் கவனமா படிங்க.

ஐரோப்பிய ஒன்றியத்தோட 261/2004 விதிப்படி, கடைசி ஊருக்கு 3 மணி நேரம் அல்லது அதுக்கு மேல லேட்டா சேர்ந்தா, நிர்ணயிச்ச தொகை உண்டு. தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. சென்னை–ஐரோப்பா தூரம் 3,500 கிலோமீட்டரைத் தாண்டுது. அதனால 4 மணி நேரத்துக்கு மேல தாமதம்னா ஆளுக்கு 600 யூரோ, 3 முதல் 4 மணி நேரம்னா 300. டிக்கெட் விலை எவ்வளவுங்கிறது கணக்கிலேயே வராது. நாலு பேர் குடும்பம்னா 2,400 யூரோ, நம்ம பணத்துல 2 லட்சத்துக்கு மேல!

யாருக்குப் பொருந்தும்? ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பினா, எந்த நாட்டு ஏர்லைன்ஸா இருந்தாலும் பொருந்தும். வெளியிலிருந்து உள்ளே போனா, ஐரோப்பிய ஏர்லைன்ஸா இருந்தால் மட்டும். சில உதாரணம்:

- சென்னை–ஃப்ராங்க்ஃபர்ட், லுஃப்தான்சா: உண்டு.
- சென்னையிலிருந்து பாரிஸ், வளைகுடா ஏர்லைன்ஸ், வழியில மாறி: கிடையாது.
- பாரிஸிலிருந்து சென்னை, அதே வளைகுடா ஏர்லைன்ஸ், ஒரே புக்கிங்: உண்டு. ரெண்டாவது விமானம் வளைகுடாவுல தாமதமானாலும் முழுப் பயணமும் ஒண்ணாத்தான் கணக்கு.

பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறின பிறகும் இதே மாதிரி சொந்தச் சட்டம் வெச்சிருக்கு. சென்னை–லண்டன் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ரெண்டு பக்கமும் இதுக்குள்ள வரும். 4 மணி நேரத்துக்கு மேல தாமதம்னா 520 பவுண்டு, 3 முதல் 4 மணி நேரம்னா 260.

ஏர்லைன்ஸ் முதல் பதிலா "தொழில்நுட்பக் கோளாறு, எங்க கையில இல்லை"ன்னு எழுதலாம். ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே சொல்லிடுச்சு: வழக்கமான தொழில்நுட்பக் கோளாறு விதிவிலக்கு ஆகாது. பறவை மோதினது, மோசமான வானிலைன்னா விதிவிலக்கு உண்டு. அதனால முதல் "நோ"வோட நிறுத்தாதீங்க, காரணத்தை எழுத்துல கேளுங்க.

பணத்துக்குப் பதிலா வவுச்சர் கொடுத்தா, நீங்க கையெழுத்துப் போட்டு ஒப்புக்கிட்டாத்தான் செல்லும். கம்பெனி செலவுல போன பயணமா இருந்தாலும் இந்த நஷ்ட ஈடு பயணிக்குத்தான். ஆனா ரீஃபண்ட் டிக்கெட்டுக்குப் பணம் கட்டினவங்களோடது.

போன வருஷப் பயணம்னாலும் கவலை வேண்டாம். இங்கிலாந்துல 6 வருஷம், பிரான்ஸ்ல 5 வருஷம், ஜெர்மனியில 3 வருஷம் வரைக்கும் கேட்கலாம்.

சிங்கப்பூர், துபாய் மாதிரி மத்த வெளிநாட்டுப் பயணம்

இதுக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம். நிர்ணயிச்ச தொகை இல்லை. தாமதத்தால வந்த இழப்பை நிரூபிச்சாத்தான் பணம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 6,303 எஸ்டிஆர். எஸ்டிஆர்ங்கிறது சர்வதேச நிதியத்தோட கணக்கு அலகு. ஒரு எஸ்டிஆர் ஒரு டாலரை விட அதிகம். நடைமுறையில உங்க பில்தான் வரம்பு. வழக்குப் போட 2 வருஷம்தான் அவகாசம்.

ஏர்போர்ட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி

1. போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீங்க.
2. தாமதத்துக்கான காரணத்தோட ஒரு சான்றிதழோ மெயிலோ கேளுங்க. டிராவல் இன்ஷூரன்ஸ் க்ளெய்முக்கும் அதுதான் தேவை.
3. விமானத்தோட கதவு திறந்த நேரத்தைக் குறிச்சுக்கோங்க. ஐரோப்பியக் கணக்குல சக்கரம் தரையைத் தொட்ட நேரம் செல்லாது, கதவு திறந்த நேரம்தான். 2 மணி 55 நிமிஷத்துக்கும் 3 மணி 5 நிமிஷத்துக்கும் நடுவுல பல ஆயிரம் ரூபாய் இருக்கு!
4. சாப்பாடு, டாக்ஸி, ஹோட்டல்னு நீங்க செலவு பண்ணின எல்லாத்துக்கும் பில்.

அப்புறம் வரிசைப்படி போங்க. முதல்ல ஏர்லைன்ஸுக்கு மெயில்: பிஎன்ஆர், விமான எண், தேதி, எத்தனை மணி நேரத் தாமதம், எந்த விதிப்படி எவ்வளவு கேட்கிறீங்க, பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு. பத்து வரி போதும், கதை வேண்டாம். பதில் இல்லைன்னா, இந்தியாவுல ஏர்சேவா தளம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கடைசியா நுகர்வோர் ஆணையம். ஐரோப்பாவுல அந்தந்த நாட்டு அமலாக்க அமைப்பு.

"நாங்க வாங்கித் தர்றோம்"னு சொல்ற க்ளெய்ம் நிறுவனங்கள் ஒரு பெரிய பங்கைக் கமிஷனா எடுத்துப்பாங்க. முதல் மெயிலை நீங்களே அனுப்புங்க. மறுத்த பிறகு வேணும்னா அவங்ககிட்ட போகலாம்.

ஒரு தடவை உங்க பழைய மெயில்ல தேடிப் பாருங்க. கடந்த சில வருஷத்துல ஐரோப்பாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ அப்பா, அம்மா, தங்கச்சி யாராவது நாலஞ்சு மணி நேரம் லேட்டா வந்து இறங்கியிருக்காங்களா? இருந்தா அந்த பிஎன்ஆரை எடுத்து இன்னைக்கே ஒரு மெயில் போடுங்க. கேட்காத வரைக்கும் அந்தப் பணம் ஏர்லைன்ஸ் கணக்குலதான் இருக்கும்.