அட்வான்ஸா... டெபாசிட்டா? வாடகைக்கு வீடு தேடுறீங்களா, இதைப் படிங்க!

மயிலாப்பூர், தி.நகர், அடையாறுன்னு எங்கே வாடகைக்கு வீடு தேடினாலும் முதல் கேள்வி, "அட்வான்ஸ் எவ்வளவு?" ஆனா, ஆங்கிலத்தில் 'அட்வான்ஸ்' என்றால் முன்கூட்டியே கட்டும் வாடகை; மாதாமாதம் கழிந்துவிடும். 'செக்யூரிட்டி டெபாசிட்' என்பது பிணைத்தொகை. வீட்டைக் காலி செய்யும்போது, பாக்கி போக மீதி உங்களுக்குத் திரும்ப வரணும். சென்னையில நாம அட்வான்ஸ்னு சொல்றது இந்த டெபாசிட்டைத்தான்!

தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, டெபாசிட் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது. ஆனா, ஒப்பந்தத்தில் வேறு தொகைக்கு நீங்களே சம்மதித்திருந்தால் இந்த வரம்பு பொருந்தாது. அதனால, கையெழுத்துப் போடும் முன் தொகையைப் பாருங்க. பக்கத்திலேயே 'திருப்பித் தரப்படும் செக்யூரிட்டி டெபாசிட்'னு எழுதியிருக்கான்னும் பாருங்க. வெறும் 'அட்வான்ஸ்'னு இருந்தா, மாத்தி எழுதச் சொல்லுங்க!