திரிபோலி கரை: அன்று போன ஆயுதம், இன்று வரும் ஆயுதம்

1973 மார்ச்சில் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்ட் கரையோரம் 'கிளாடியா' என்ற கப்பலை அந்நாட்டுக் கடற்படை மடக்கியது. உள்ளே சுமார் 5 டன் ஆயுதங்கள். அனுப்பியது கடாஃபியின் லிபியா. கரையில் காத்திருந்தது பிரிட்டனுக்கு எதிரான ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. 1987இல் பிரெஞ்சு சுங்கத்துறை பிடித்த 'எக்சுண்ட்' கப்பலில் 100 டன்னுக்கும் மேல் இருந்தது. அதற்கு முன்பே 4 சரக்குகள் ஓசையின்றிக் கரையேறிவிட்டன என்பது பிறகுதான் வெளியே வந்தது.

அந்த நான்கும் வந்தது 1985, 86இல். லண்டனில் லிபியத் தூதரகத்திலிருந்து சுட்டதில் ஒரு பெண் காவலர் இறந்ததால், பிரிட்டன் 1984லேயே உறவை முறித்திருந்தது. முறித்தது நியாயம்தான், ஆனால் அதன்பின் லிபியத் தலைநகர் திரிபோலியில் நேரே கண்டித்துப் பேச பிரிட்டனுக்குத் தூதர் இல்லை. லாக்கர்பி விமானத் தகர்ப்புக்காக 1992இல் லிபியாமீது ஐ.நா. விதித்த தடைதான் மெல்ல வேலை செய்தது. 1990களின் நடுவில், ஐ.ஆர்.ஏ.வுக்குத் தான் கொடுத்தவற்றின் விவரத்தை லிபியாவே பிரிட்டனிடம் தந்தது. 1999இல் உறவு மீண்டது. நெருக்க வேண்டியிருந்தது ஒரே ஓர் ஆட்சியாளரை.

இன்று ஆயுதம் எதிர்த்திசையில் பாய்கிறது. 2011 பிப்ரவரி முதல் லிபியாவுக்குள் ஆயுதம் போகவும் அங்கிருந்து வெளியேறவும் ஐ.நா. தடை இருக்கிறது. அன்று 'கிளாடியா' தன் கடலெல்லைக்குள் வரும்வரை அயர்லாந்துக் கடற்படை காத்திருந்தது. இன்று ஐரிணி என்ற ஐரோப்பிய ஒன்றிய நடவடிக்கை 2020 முதல் நடுக்கடலிலேயே சோதிக்கிறது, செயற்கைக்கோளும் துணைக்கு உண்டு. ஐ.நா. நிபுணர் குழு எந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கிறது. அன்றைக்கு இப்படிப்பட்ட நடுக்கடல் சோதனையோ நிபுணர் குழுவோ இல்லை.

ஆனால் அனுப்புவோர் இன்று பலர். 2020 ஜனவரியில் பெர்லின் மாநாட்டில் தடையை மதிப்பதாக உறுதி சொன்னவர்களில் துருக்கி, ஐக்கிய அரபு அமீரகம், ரஷ்யா மூன்றும் உண்டு. தடையை மீறியவர்களாக நிபுணர் குழு எழுதிய பெயர்களிலும் இம்மூன்றும் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் ஐரிணியின் ஜெர்மானிய வீரர்கள் ஒரு துருக்கிச் சரக்குக் கப்பலில் இறங்கிச் சோதிக்கத் தொடங்கினார்கள். துருக்கி மறுத்ததும் பாதியில் நிறுத்தித் திரும்பினார்கள். கப்பலின் கொடிக்குரிய நாடு மறுத்தால் நடைமுறையில் அவ்வளவுதான்.

2021இல் நிபுணர் குழு இந்தத் தடை முற்றிலும் பயனற்றது என்றே எழுதியது. அதன் அறிக்கைகளில் பெயர் வந்த எந்த நாட்டின்மீதும் பாதுகாப்பு அவை இதுவரை அதற்காக நடவடிக்கை எடுக்கவில்லை.