தாங்கும் தாய் அசைந்தபோது

2001 செப்டம்பர் 25, இரவு 8.26 மணி. புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் சென்னையும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களும் சில விநாடிகள் அதிர்ந்தன. மக்கள் பதறி வீதிக்கு விரைந்தனர். மறு ஆண்டு, நிலநடுக்க வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

காலையில் தரையில் கால் பதிக்குமுன் பூமாதேவியிடம் பொறுத்தருள வேண்டுவது நம் முன்னோர் வகுத்த மரபு. அந்தப் பணிவுடன் விழிப்பும் வேண்டும். தரை ஆடும்போது மாடிப்படியில் ஓடுதல் ஆபத்து. நடக்க இயலாத முதியவரும் தனித்து விடப்படுவார். உறுதியான மேசையின் அடியில் அமர்ந்து தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். அதிர்வு ஓய்ந்ததும் எரிவாயுவை அடைத்து, பூசையறை விளக்கை மலையேற்றி, முதியோரின் கைபற்றி வெளியே வருதல் நலம்.

நம்மைத் தாங்கும் பூமியைத் தொழும் நாம், நம்மை நம்பியிருப்போரைத் தாங்குவதும் வழிபாடே.