மரக்கானாவில் ஓர் ஆட்டம்

ஊர்ப்புறத் திடலில் மாலை வேளையில் இளைஞர் கால்பந்து ஆடுங்கால், வழிச்செல்வோர் சற்றே நின்று நோக்குவதுண்டு. பந்து கோலுக்குள் புகுந்தால் அவர்களும் கைதட்டுவர். பின்னர்த் தம் வழியே செல்வர். வீடு சேருமுன் அவ்வாட்டத்தை மறந்தும் விடுவர். ஆயின், உலகக் கோப்பைக்காக நடைபெற்ற ஆட்டங்களுள் சில, விளையாட்டின் விதிகளையே அறியாதார் உள்ளத்திலும் பல்லாண்டு நிலைத்து நிற்கின்றன. இதற்குக் காரணம் யாது?

ஆட்டக்காரரின் திறமையே காரணம் எனச் சிலர் கருதலாம். அஃது ஓரளவே உண்மை. 1950-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. அதன் இறுதிக் கட்டத்தில் பிரேசில் குழுவினர் சுவீடனை 7-1 என்னும் கணக்கிலும், ஸ்பெயினை 6-1 என்னும் கணக்கிலும் வென்றனர். அவர்தம் ஆற்றலைக் கண்டு வியவாதார் இலர். ஆயினும், அவ்வெற்றிகளை இன்று பழைய ஏடுகளைப் புரட்டுவோரே அறிவர். ஸ்பெயினை வென்ற மூன்றாம் நாள் அதே குழுவினர் ஓர் ஆட்டத்தில் 2-1 என்னும் கணக்கில் தோற்றனர். உலகம் நினைவில் வைத்திருப்பது அத்தோல்வியையே.

இரண்டாம் உலகப் போரின் காரணமாக 1942, 1946 ஆகிய ஆண்டுகளில் இப்போட்டி நடைபெறவில்லை. பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் அதனை நடத்தும் பொறுப்பைப் பிரேசில் ஏற்றது. அதற்கெனவே ரியோ டி ஜனேரோ நகரில் மரக்கானா என்னும் பேரரங்கு எழுப்பப்பட்டது. அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய விளையாட்டரங்கு அதுவே. (இந்தியக் குழுவும் அப்போட்டியில் ஆடும் தகுதியைப் பெற்றிருந்தது, ஆயின், அங்குச் செல்லவில்லை.)

அவ்வாண்டின் ஏற்பாடு சற்று வேறானது. இறுதியாட்டம் என ஒன்று தனியே வகுக்கப்படவில்லை. பிரேசில், உருகுவே, ஸ்பெயின், சுவீடன் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று ஆட வேண்டும்; மிகுந்த புள்ளி பெறும் குழுவே கோப்பையைக் கொள்ளும். வெற்றிக்கு 2 புள்ளி. சமநிலைக்கு 1 புள்ளி. ஜூலை 16-ஆம் நாள் பிரேசிலும் உருகுவேயும் கடைசி ஆட்டத்தில் எதிர்நின்றபோது, பிரேசில் 4 புள்ளிகளும் உருகுவே 3 புள்ளிகளும் பெற்றிருந்தன. ஆகவே, பிரேசில் வெல்லவும் வேண்டுவதில்லை, தோலாதிருந்தாலே போதும்.

ஓர் ஆட்டம் மறவாது நிற்பதற்கு முதற்காரணம் இங்கே உள்ளது. யார் எதனைப் பெறுவர், யார் எதனை இழப்பர் என்பது ஆட்டம் தொடங்குமுன்னரே காண்போர்க்கு விளங்கிவிடுகிறது. விதி அறியாதவனும் அதனை அறிவான். பிரேசிலோ 5 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பெருநாடு. உருகுவேயின் மக்கள்தொகை 25 இலட்சத்திற்கும் குறைவு. முதல் உலகக் கோப்பையை 1930-இல் வென்றது உருகுவேதான். ஆயினும், அன்று அதனை நினைத்தார் சிலரே. பிரேசில் குழுவின் படத்தை வெளியிட்டு, உலகக் கோப்பை வீரர் இவர்களே என்று ஒரு நாளிதழ் முன்கூட்டியே அச்சிட்டுவிட்டது. நகரத் தலைவரும் ஆட்டம் தொடங்குமுன் அவர்களை வெற்றி வீரரென விளித்துப் பேசினார். நுழைவுச் சீட்டுப் பெற்று வந்தோர் மட்டும் 1,73,850 பேர். அரங்கில் திரண்டவர் ஏறத்தாழ 2 இலட்சம் என்பர். அவர்கள் ஓர் ஆட்டத்தைக் காண வந்தவரல்லர். வெற்றி விழாவுக்கு வந்தவர்.

கால்பந்தாட்டத்தின் இயல்பும் ஈண்டுக் கருதத்தக்கது. கிரிக்கெட்டில் ஓட்டங்கள் நூற்றுக்கணக்கில் சேரும். ஓரிடத்து நேர்ந்த குறையைப் பிறிதோரிடத்து ஈடுசெய்யலாம். கால்பந்தில் 90 நிமிடம் ஓடியும் இரண்டு மூன்று கோல்களே விழும். சில வேளை ஒன்றும் விழாது. ஆதலின், ஒவ்வொரு கோலும் மிகப் பெரும் விலையுடையதாகிறது. வலியவர் நாளெல்லாம் தாக்கியும் வெல்லாதொழிவதும், எளியவர் ஒரே வாய்ப்பினால் வென்றுவிடுவதும் இவ்வாட்டத்தில் நிகழக்கூடியனவே. பந்து கோலை அணுகுந்தோறும் கூட்டம் எழுந்து நிற்பது ஏன் என்பதைப் புதிதாகக் காண்பவனும் சிறிது நேரத்தில் உணர்ந்துகொள்வான்.

முற்பாதியில் இரு குழுவும் கோல் அடிக்கவில்லை. பிற்பாதி தொடங்கிய இரண்டாம் நிமிடத்தில் பிரேசில் வீரர் ஃபிரியாசா பந்தைக் கோலுக்குள் செலுத்தினார். அரங்கம் அதிர்ந்தது. அப்பொழுது உருகுவேயின் தலைவர் ஒப்தூலியோ வரேலா ஒரு செயல் செய்தார். அவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு விரையாது நடந்து, அந்தக் கோல் முறையானதன்று என நடுவரிடம் வாதிடலானார். நடுவர் ஆங்கிலேயர், வரேலா பேசியதோ ஸ்பானிய மொழி. கோல் மாற்றப்படாது என்பதை வரேலா அறியாதவரல்லர். ஆரவாரம் தணியவேண்டும், தம் குழுவினர் அச்சம் நீங்கவேண்டும் என்பதே அவர் கருத்து. அவ்வாறே ஆயிற்று. மீண்டும் பந்து உருண்டபோது அரங்கில் முன்னைய முழக்கம் இல்லை.

66-ஆம் நிமிடத்தில் உருகுவேயின் கிக்ஜியா வலப்புறமாக விரைந்தோடிப் பந்தை நடுவே அனுப்ப, சியாஃபினோ அதனைக் கோலாக்கினார். கணக்குச் சமமாயிற்று. அப்பொழுதும் கோப்பை பிரேசிலுக்கே உரியது. 79-ஆம் நிமிடத்தில் கிக்ஜியா மீண்டும் அதே வலப்புறத்தில் ஓடிவந்தார். பிரேசிலின் கோல் காவலர் மொவாசிர் பார்போசா கணப்பொழுதில் ஒரு முடிவு செய்ய வேண்டியவரானார். முன்போலவே பந்து நடுவே அனுப்பப்படும் என எண்ணி, அதனைத் தடுக்க ஓரடி முன்வந்தார். அதனால் அவருக்கும் அண்மைக் கம்பத்துக்கும் இடையே சிறு வெளி உண்டாயிற்று. கிக்ஜியா பந்தை நடுவே அனுப்பாமல் அவ்வெளியிலேயே உதைத்தார். பந்து உள்ளே புகுந்தது.

இந்நிகழ்ச்சியை விளங்கிக்கொள்ள விளையாட்டு நூலறிவு வேண்டுவதில்லை. ஒருமுறை நிகழ்ந்தது மறுமுறையும் நிகழும் என எதிர்பார்த்தல் யாவர்க்கும் இயல்பு. பார்போசா செய்ததும் அதுவே.

அதன்பின் அரங்கில் நிலவிய அமைதியைக் கண்டோர் அனைவரும் குறித்துள்ளனர். பன்னாட்டுக் கால்பந்துக் கழகத் தலைவர் ஜூல் ரிமே, ஆட்டம் சமநிலையில் இருந்தபோது இருக்கையை விட்டு எழுந்து, கோப்பையை வழங்குதற்குக் கீழே இறங்கினார். பிரேசில் தலைவரைப் பாராட்டப் போர்த்துகீசிய மொழியில் ஓர் உரையும் எழுதி வைத்திருந்தார். அவர் படிகளைக் கடந்து ஆடுகளத்தை அடைந்தபோது முழக்கம் நின்றுபோயிருந்தது. உரை பயன்படவில்லை. நெருக்கடியினிடையே வரேலாவைத் தேடிக் கண்டு, சடங்கு ஒன்றுமின்றிக் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

இவ்வகை ஆட்டங்கள் வேறும் உள. 1954-இல் பெர்ன் நகரில் அங்கேரி முதல் 8 நிமிடங்களுக்குள் இரண்டு கோல் அடித்தும், மேற்கு ஜெர்மனியிடம் 3-2 எனத் தோற்றது. அதே போட்டியின் முற்பகுதியில் அங்கேரி அக்குழுவை 8-3 என வென்றிருந்தது. 1994-இல் பிரேசிலும் இத்தாலியும் ஆடிய இறுதியாட்டத்தில் கோலே விழவில்லை. தண்ட உதையைக் கம்பத்தின்மேல் செலுத்திவிட்டுத் தலை கவிழ்ந்து நின்ற ராபர்ட்டோ பாஜ்ஜோவின் தோற்றமே அன்று கண்டவர் மனத்தில் எஞ்சியது. 2022-இல் கத்தார் நாட்டின் லுசைல் அரங்கில் அர்ஜென்டினா 80-ஆம் நிமிடம்வரை 2-0 என முன்னின்றது. பிரான்சின் இம்பாப்பே இரண்டு நிமிடத்திற்குள் இரண்டு கோல் அடித்துக் கணக்கைச் சமன் செய்தார். ஆட்டம் 3-3 என நீண்டு, தண்ட உதைகளால் அர்ஜென்டினா வென்றது. ஐந்தாம் முறையாகப் போட்டியிட்டும் அதுவரை கோப்பை பெறாதிருந்த மெஸ்ஸிக்காகவே, பந்தாட்டம் அறியாத பலரும் அன்றிரவு விழித்திருந்தனர்.

மரக்கானாத் தோல்வியின் துயரம் பிரேசிலில் நெடுங்காலம் நீடித்தது. அன்று அணிந்த வெள்ளைச் சட்டையே தீக்குறியெனக் கருதப்பட்டது. 1953-இல் ஒரு நாளிதழ் நடத்திய போட்டியில் மஞ்சள் நிறச் சட்டை தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்று உலகறிந்த உடை அதுவே. வானொலியில் முடிவைக் கேட்டு அழுத தந்தையைத் தேற்றி, தான் கோப்பையைக் கொணர்வதாக ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் உறுதி கூறினான். அவனே பெலே, 1958-இல் அவ்வுறுதியை நிறைவேற்றினான்.

பார்போசாவுக்கு அத்தகைய ஆறுதல் கிட்டவில்லை. தம் நாட்டின் மிகச் சிறந்த கோல் காவலருள் ஒருவராயிருந்த அவரை மக்கள் அந்த ஒரு கணத்தாலேயே அறிந்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கடையில் ஒரு பெண் தன் சிறு மகனுக்கு அவரைச் சுட்டிக்காட்டி, பிரேசில் முழுதையும் அழச்செய்தவர் இவரே என்றாள். ஆட்டம் நடந்த நாளில் அச்சிறுவன் பிறந்திருக்கவுமில்லை. பிரேசில் நாட்டுச் சட்டப்படி எப்பெருங்குற்றத்துக்கும் 30 ஆண்டுச் சிறையே மிகுந்த தண்டனை என்றும், தாமோ 50 ஆண்டுகளாகத் தண்டனை அநுபவித்து வருவதாகவும் பார்போசா 2000-ஆம் ஆண்டில் கூறினார். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் காலமானார்.